ஒரு வீட்டில் இரண்டு வேதப் புத்தகங்கள்

வேதப் புத்தகம் வேண்டும் என்று கேட்டவுடன் கடைக்காரர் திருப்பிக் கேட்ட முதல் கேள்வி, “ஆர்.சி.யா, சபையா?” என்பதுதான். ரோமன் கத்தோலிக்கரின் பதிப்பா, மற்றச் சபையாரின் பதிப்பா என்று பொருள். எனக்கு இரண்டுமே தேவைப்பட்டன. நான் பாளையங்கோட்டையில் கத்தோலிக்கனாக வளர்ந்தவன். என் அக்காவோ திருமணத்துக்குப் பின் பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அக்காவின் மகள் ஒரு கத்தோலிக்க இளைஞரை மணக்கவிருந்த நிலையில், மணமக்களுக்குத் தாய்மாமன் என்ற முறையில் எந்த வேதத்தைப் பரிசளிப்பது என்று முடிவு செய்வதற்காக, இரண்டு பதிப்புகளையும் அருகருகே வைத்துப் பல மாதங்கள் வாசித்தேன். அந்த வாசிப்பிலிருந்து எழுந்த மதிப்புரை இது.

முதலில் புத்தகங்களின் பிறப்பைச் சொல்லிவிடுகிறேன். சபையார் வைத்திருக்கும் பரிசுத்த வேதாகமம், ஜெர்மானிய மறைப்பணியாளர் ஃபெப்ரீஷியஸ் ஐயரின் மொழிபெயர்ப்பை அடியொற்றி, ஹென்றி பவர் தலைமையிலான குழு திருத்தி 1871இல் வெளிவந்தது. பெந்தெகொஸ்தே இயக்கம் அதற்கு முப்பது ஆண்டுகளுக்குப் பிறகே அமெரிக்காவில் தலையெடுத்து, 1906இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் அசூசா தெருக் கூட்டங்கள் வழியே உலகெங்கும் பரவியது என்பதால், இது அவர்களுக்கென்று ஆக்கப்பட்ட நூலன்று. தென்னிந்தியத் திருச்சபையாரும் லுத்தரன் சபையாரும் வாசிக்கும் அதே நூல்தான். கத்தோலிக்கரின் திருவிவிலியம் 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு. கத்தோலிக்க ஆயர்களின் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல், பிரிந்த சகோதரர்களோடு இணைந்தும் வேதத்தை மொழிபெயர்க்கலாம் என்று வழி திறந்ததன் பயனாக, கத்தோலிக்க அறிஞரும் சீர்திருத்தச் சபை (புராட்டஸ்டண்டு) அறிஞரும் சேர்ந்து செய்த பணி அது. பொது என்ற பெயர் இருந்தும் பெந்தெகொஸ்தே சபைகளில் அதைக் கையில் ஏந்தியவர் ஒருவரையும் நான் கண்டதில்லை.

வாங்குபவர் முதலில் அறிய வேண்டியது, இவை இரண்டும் ஒரே அளவுள்ள நூல்கள் அல்ல என்பதே. பரிசுத்த வேதாகமத்தில் 66 நூல்கள். கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் 73. தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு ஆகிய நூல்களும், எஸ்தர், தானியேல் ஆகியவற்றின் கூடுதல் பகுதிகளும் இணைத் திருமுறை என்ற பெயரில் அதில் இடம்பெறுகின்றன. இவற்றைத் திருநூல்களாகத் திரெந்து சங்கம் 1546இல் உறுதிப்படுத்தியது. சீர்திருத்தச் சபைகளோ எபிரேய வேதத்தின் எல்லையோடு நின்றுகொண்டன. எங்கள் அம்மா இறந்த ஆண்டின் கல்லறைத் திருநாளில், இறந்தவர்களுக்காக மன்றாடுவது எங்கே எழுதியிருக்கிறது என்று அக்கா கேட்டார். இரண்டாம் மக்கபேயர் பன்னிரண்டாம் அதிகாரம் என்றேன். தம் வேதத்தைப் புரட்டினார். மல்கியா முடிந்ததும் மத்தேயு வந்துவிட்டது. “என் வேதத்தில் இல்லையே, தம்பி” என்று சொல்லி மூடிவைத்தார். இறந்தோர் தூய்மை பெறும் நிலையாகக் கத்தோலிக்கர் நம்பும் உத்தரிக்கிற தலத்தைக் குறித்தும், இறந்தோருக்கான பூசையைக் குறித்தும் இரு தரப்பும் பேசும் பேச்சில் பெரும்பகுதி, கையிலுள்ள புத்தகத்தின் பொருளடக்கப் பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது.

புத்தகத்தின் உடல் அமைப்பிலும் வழிபாட்டின் சாயல் தெரிகிறது. அக்காவின் வேதம் ஜிப் வைத்த தோலுறைக்குள் இருக்கும். ஓரங்களில் மஞ்சளும் இளஞ்சிவப்புமாகக் கோடுகள், வசனங்களுக்கு அருகே தேதிகள், போதகர் சொன்ன குறிப்புகள். ஞாயிறு ஆராதனையில் போதகர் வசன இருப்பிடத்தைச் சொன்னவுடன் சபை முழுவதும் தாள் புரளும் ஓசை எழும். வேதம் இல்லாமல் போகிறவர் அங்கே குடை இல்லாமல் மழையில் நிற்பவரைப் போலத்தான். அதற்கேற்ப இந்தப் பதிப்பில் ஒவ்வொரு வசனமும் புதிய வரியில் தொடங்குகிறது; தேடுவதும் அடிக்கோடிடுவதும் மனப்பாடம் செய்வதும் எளிதாகிறது. புத்தாண்டு ஆராதனையில் கொடுக்கப்படும் வாக்குத்தத்த அட்டையில் அச்சாவதும் இப்படித் தனியே பிரித்தெடுத்த ஒரு வசனம்தான்.

கத்தோலிக்கத் திருப்பலிக்கோ யாரும் வேதத்தை எடுத்துச் செல்வதில்லை. மூன்று ஆண்டுச் சுழற்சியில் ஞாயிறு வாசகங்கள் முன்னரே வகுக்கப்பட்டிருக்கின்றன. வாசகர் வாசித்து “ஆண்டவரின் அருள்வாக்கு” என்று முடிக்க, மக்கள் “இறைவா, உமக்கு நன்றி” என்கிறார்கள். வேதம் அங்கே முதலில் காதுக்குரியது. என் வீட்டுத் திருவிவிலியம் பீடத்தில் மெழுகுதிரிக்கும் மாதாவுக்கும் அருகில் இருக்கிறது. பத்தாண்டுகள் ஆகியும் தாள்கள் மடியாமல் இருப்பது தாளின் தரத்தால் மட்டுமன்று என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உட்கார்ந்து படிப்பவருக்கு இந்தப் பதிப்பே உதவுகிறது: ஒவ்வொரு நூலுக்கும் முன்னுரை, பகுதிகளுக்குத் தலைப்பு, பத்தி பிரித்த உரைநடை, கவிதைக்குக் கவிதை வடிவம், அடிக்குறிப்பு. நூலை யார், எச்சூழலில் எழுதினர் என்ற விளக்கம் முன்னே நிற்பதால், தனி வசனத்தைப் பிடுங்கியெடுத்துப் பொருள் சொல்வது சற்றே கடினமாகிறது. திருச்சபையின் விளக்கத்தோடு சேர்த்தே வேதத்தை வாசிக்க வேண்டும் என்ற கத்தோலிக்க நிலைப்பாடு இவ்வாறு பக்க வடிவமைப்புக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறது.

மொழிக்கு வருவோம். “கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்” என்பது பழைய பதிப்பு. “ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை” என்பது புதியது. இரண்டாவதில் தமிழ் தெளிவாக இருக்கிறது. முதலாவதில் ஓசை இருக்கிறது. சாவு வீட்டில் நின்றுகொண்டு சொல்வதற்கு எனக்கு முதலாவதே நாவில் வருகிறது, நான் கத்தோலிக்கனாக இருந்தபோதிலும். இன்னொரு வேடிக்கையும் உண்டு: எங்கள் வழக்கில் ஆயர் என்றால் மறைமாவட்டத்தை ஆளும் ஆயர், அவர்கள் வழக்கில் மேய்ப்பர் என்றால் சபையின் போதகர். இருவரும் அவரவர் தலைவரின் பட்டத்தையே ஆண்டவருக்கும் கொடுத்திருக்கிறோம்.

மரியாவைக் குறித்த இடங்களில்தான் இரண்டு பதிப்புகளின் தூரமும் நன்றாகப் புலப்படுகிறது. தூதர் மரியாவை வாழ்த்தும் இடம் பழைய பதிப்பில் “கிருபை பெற்றவளே, வாழ்க, கர்த்தர் உன்னுடனே இருக்கிறார்” என்றும், திருவிவிலியத்தில் “அருள்மிகப் பெற்றவரே வாழ்க! ஆண்டவர் உம்மோடு இருக்கிறார்” என்றும் அமைகிறது. கானாவூர்த் திருமணத்தில் இயேசு தம் தாயிடம் பேசும்போது அங்கே “ஸ்திரீயே” என்கிறார். இங்கே “அம்மா” என்கிறார். கிரேக்கத்துக்கு நெருக்கமானது ஸ்திரீயே என்பதே. மூலச் சொல்லுக்குப் பெண் என்றுதான் பொருள். ஆனால் கிரேக்கத்தில் அவ்விளி மரியாதைக் குறைவானதன்று. தமிழிலோ பெற்ற தாயை ஒருவர் அப்படி விளித்தால் கேட்பவர் முகம் சுளிப்பார். கிரேக்க மொழியில் இல்லாத நீ, நீர் என்ற வேறுபாட்டைத் தமிழ் வற்புறுத்திக் கேட்கிறது. மொழிபெயர்ப்பவர் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்தே ஆக வேண்டும். ஜெபமாலையில் ஐம்பது முறைக்குமேல் “ஆண்டவர் உம்முடனே” என்று சொல்லி வளர்ந்த எனக்கு, ‘உன்னுடனே’ என்ற சொல் யாரோ நம் வீட்டுப் பெரியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் ஒலிக்கிறது. மரியாவை இயேசுவின் தாயாக மதித்தாலும், அவரிடம் பரிந்துரை கேட்பது கூடாது என்று நம்பும் அக்காவுக்கோ ‘உம்மோடு’ என்பதே கூடுதலாகத் தோன்றுகிறது. வேறு எந்த வசனத்தைக் காட்டியும் நாங்கள் இந்த அளவுக்கு ஒருவரையொருவர் புரிந்துகொண்டதில்லை.

பத்துக் கட்டளைகளில் இன்னொரு கூர்மையான இடம். பழைய பதிப்பு, யாதொரு விக்கிரகத்தையும் ‘சொரூபத்தையும்’ உண்டாக்க வேண்டாம் என்கிறது. சொரூபம் என்பது எங்கள் ஊரில் அந்தோனியார், சவேரியார், மாதா ஆகியோரின் உருவங்களுக்கு வழங்கும் அன்றாடச் சொல். ஆகவே அந்த வசனத்தைச் சபையில் வாசிக்கக் கேட்கும் முன்னாள் கத்தோலிக்கர் ஒருவரின் மனத்தில் எந்த உருவம் எழும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. திருவிவிலியம் அவ்விடத்தில் சிலை, உருவம் என்ற சொற்களைப் பயன்படுத்துகிறது. வணக்கம் வேறு, கடவுளுக்கு மட்டுமே உரிய ஆராதனை வேறு என்று 787இல் இரண்டாம் நிசேயா சங்கம் வகுத்த வேறுபாட்டை எந்த மொழிபெயர்ப்பும் தனக்குள் சுமக்க முடியாது. அது மறைக்கல்வி வகுப்பில் கற்க வேண்டியது. கட்டளைகளின் எண்ணும் மாறும்: கத்தோலிக்கர் உருவம் பற்றிய தடையை முதற்கட்டளைக்குள் அடக்கி, இச்சை பற்றியதை இரண்டாகப் பிரிக்கிறார்கள், பெந்தெகொஸ்தேயினர் உள்ளிட்ட பெரும்பாலான மற்றச் சபையாருக்கு உருவத் தடையே இரண்டாம் கட்டளை. புதுமணத் தம்பதியர் ஆறாம் கட்டளை, ஏழாம் கட்டளை என்று எண்ணைச் சொல்லி வாதிட்டால் வேறு வேறு பாவங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

பெந்தெகொஸ்தே நம்பிக்கையின் மையத்துக்கு வரும்போது, பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் பதினான்காம் அதிகாரத்தைத் திறந்து பார்க்க வேண்டும். ஆவியின் ஏவுதலால் கற்காத மொழியில் பேசுவதைப் பழைய பதிப்பு ‘அந்நியபாஷை’ என்று சொல்ல, திருவிவிலியம் ‘பரவசப் பேச்சு’ என்கிறது. கிரேக்கத்தில் இருப்பது நாவு அல்லது மொழி என்று பொருள்படும் ஒரே சொல்தான். ‘அந்நிய’ என்பதும் ‘பரவச’ என்பதும் மொழிபெயர்ப்பாளர் சேர்த்தவை. முன்னது அதை ஒரு மொழி என்கிறது, பின்னது அதை ஓர் அனுபவ நிலை என்கிறது. ஆவியின் அபிஷேகத்துக்கு முதல் அடையாளம் அந்நியபாஷை என்று, பெந்தெகொஸ்தே பிரிவான அசெம்பிளீஸ் ஆஃப் காட் சபைகள் 1916இல் தங்கள் விசுவாச அறிக்கையிலேயே எழுதிக்கொண்டன. அப்படி நம்பும் ஒருவரிடம் அதைப் பரவசப் பேச்சு என்று சொன்னால், அவருடைய ஜெபத்தை உணர்ச்சிவசப்படுதல் என்று குறைத்ததாகவே எடுத்துக்கொள்வார். அக்கா அப்படித்தான் எடுத்துக்கொண்டார். ஆயினும் கத்தோலிக்கருக்கு இது அந்நியமான அனுபவம் என்று சொல்ல இயலாது. 1967இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் தொடங்கிய கத்தோலிக்க அருங்கொடை (கரிஸ்மாட்டிக்) இயக்கம் இன்று எங்கள் பங்குகளிலும் இருக்கிறது. கைதட்டலும் குணமளிப்பு மன்றாட்டும் அங்கும் உண்டு. திருநெல்வேலிச் சீமையில் 1860இலேயே சீர்திருத்தச் சபையாரிடையே எழுந்த எழுப்புதலில் அந்நியபாஷையும் தீர்க்கதரிசனமும் காணப்பட்டதை அறிந்தவர்கள், இதை அமெரிக்க இறக்குமதி என்று எளிதாகத் தள்ளிவிட மாட்டார்கள்.

ஞானஸ்நானம் என்ற சொல்லில் ஒரு முரண் ஒளிந்திருக்கிறது. குழந்தையின் தலையில் நீர் ஊற்றும் கத்தோலிக்கரின் பதிப்பு ‘திருமுழுக்கு’ என்கிறது. விவரம் அறிந்தவரை ஆற்றிலோ தொட்டியிலோ முழுவதுமாக அமிழ்த்தியெடுக்கும் பெந்தெகொஸ்தே சபையாரின் பதிப்போ ‘ஞானஸ்நானம்’ என்கிறது, முழுக்கு என்று சொல்வதில்லை. அக்காவிடம் இதைச் சொன்னபோது, “அப்போ உங்க வேதமே எங்க பக்கம்தான்” என்று சிரித்தார்.

இத்தனைக்கும் பிறகு, அப்பமும் இரசமும் பெறும் நற்கருணை விஷயத்தில் இரண்டு புத்தகங்களும் ஒருவருக்கும் உதவவில்லை. யோவான் ஆறாம் அதிகாரத்தில் ஒன்று “என் மாம்சம் மெய்யான போஜனமாயிருக்கிறது” என்கிறது. மற்றது “எனது சதை உண்மையான உணவு” என்கிறது. ஒரே பொருள்தான். அதை வாசித்துக் கத்தோலிக்கர் நற்கருணைப் பேழைக்கு முன் முழந்தாளிடுகிறார்கள்; பெந்தெகொஸ்தேயினர் திருவிருந்தை ஆண்டவரின் மரணத்தை நினைவுகூரும் கட்டளையாகப் பெறுகிறார்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பழைய பதிப்பின் ‘கடவர்கள்’, ‘ஆகிலும்’ போன்ற முடிபுகள் பள்ளிப் பிள்ளைகளைத் திணறடிக்கின்றன. தீர்க்கதரிசன நூல்களில் யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார் என்பதைக் கண்டுபிடிக்கவே தனிப் பொறுமை வேண்டும். திருவிவிலியத்திலோ ‘திரு’ என்ற அடைமொழி அளவு கடந்துவிட்டது: திருச்சட்டம், திருப்பாடல், திருத்தூதர், திருவெளிப்பாடு என்று அடுக்கும்போது சொல்லின் கனம் குறைகிறது. கையில் பிடித்து நெடுநேரம் வாசிப்பதற்கு அது சற்றே பருமனானதும்கூட.

படித்துப் புரிந்துகொள்ள விரும்புகிறவருக்குத் திருவிவிலியத்தையும், மனத்தில் பதித்துக்கொள்ள விரும்புகிறவருக்குப் பழைய பதிப்பையும் தயங்காமல் பரிந்துரைப்பேன். மணமக்களுக்கு இரண்டையும் வாங்கினேன். திருவிவிலியத்தை அக்காவின் மகள் பெயருக்கும், ஜிப் வைத்த பரிசுத்த வேதாகமத்தை மாப்பிள்ளை பெயருக்கும் எழுதிக் கொடுத்தேன். கடைக்காரர், பெயர்களை மாற்றி எழுதிவிட்டேனோ என்று இருமுறை கேட்டார்.