கல்லடிக் கரைக்கு எந்த டிடெக்டர்?

மாரிக்கடல் அடங்கி, தை மாசியில் மட்டக்களப்பின் கல்லடி, நாவலடிப் பக்கம் நடந்தால் மணல் வெட்டுண்ட சரிவுகளில் கறுப்பு மணல் படை படையாகத் தெரியும். வாடைக் காலத்து அலை இலேசான மணலை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது, கனமானது பின்தங்கி நிற்கிறது. சாதாரண மணல் தண்ணீரைவிட 2.65 மடங்கு அடர்த்தி. கறுப்பு மணலில் இருக்கும் இல்மனைட் என்ற கனிமம் ஏறக்குறைய 4.7 மடங்கு, ஈயம் 11.3, 22 கரட் தங்கம் 17க்கும் மேல். கரைவலையில் கழன்ற ஈயக்குண்டும், குளிக்கும்போது விரலில் இருந்து நழுவிய மோதிரமும், கறுப்பு மணலும் ஒரே இடத்தில் சேர்வது இதனால்தான்.

மணலுக்குள் கிடக்கும் உலோகத்தைத் தேடும் மெட்டல் டிடெக்டர் அதிகம் தடுமாறுவதும் அதே கறுப்பு மணலில்தான். கருவி வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது “எத்தனை அடி ஆழம் பார்க்கும்?” என்று. எங்கள் கரைக்கு அது இரண்டாவது கேள்வி. உப்புத் தண்ணீர், கறுப்பு மணல், இரும்புக் குப்பை மூன்றையும் அந்தக் கருவி எப்படித் தாங்கும் என்பதை முதலில் கேட்க வேண்டும். இந்த மூன்றையும் வைத்துத்தான் இங்கே ஒப்பிடுகிறேன்.

விலை குறைந்தவை ஒற்றை அதிர்வெண் கருவிகள். காரெட் ஏஸ் 250 வேலை செய்வது 6.5 கிலோஹேர்ட்ஸில், நொக்டா சிம்ப்ளெக்ஸ் 12இல், காரெட் ஏடி புரோ 15இல். கருவியின் அடியில் இருக்கும் கொயில் என்ற கம்பிச்சுருள் வட்டு அனுப்பும் காந்தப்புலம் உலோகத்தில் சுழல்மின்னோட்டத்தை உண்டாக்கும். திரும்பி வரும் சமிக்ஞை எவ்வளவு பிந்துகிறது என்பதைப் பார்த்து இரும்பா, வெள்ளியா என்று கருவி ஊகிக்கும். உலர்ந்த மணலில் இவை அருமையாக வேலை செய்யும். கச்சான் காற்றுக் காலத்தில், ஆட்கள் பாய் விரித்து உட்கார்ந்த மேட்டு மணலில் தேடுவதற்கு இதற்கு மேல் செலவழிக்கத் தேவையில்லை.

ஈர மணலுக்கு இறங்கியதும் கதை மாறிவிடும். உப்புத் தண்ணீரும் மின்னைக் கடத்துவதால் கொயில் அசையும்போதெல்லாம் கருவி கத்தும். கறுப்பு மணலோ வேறு விதமாகத் தொல்லை கொடுக்கும். இல்மனைட்டோடு சேர்ந்து கிடக்கும் மக்னடைட் என்ற இரும்புக் கனிமம் காந்தத்துக்கு இழுபடுவது, அதனால் அதுவும் கருவியைக் குழப்பும். மண்ணின் சத்தத்தைக் கழிக்கும் அமைப்பு கிரவுண்ட் பேலன்ஸ். கறுப்பு மணலைக் கழிக்க அதைத் திருப்பினால் உப்பு மிஞ்சும், உப்பைக் கழிக்கத் திருப்பினால் கறுப்பு மணல் மிஞ்சும். ஒரே அதிர்வெண்ணை வைத்துக்கொண்டு இரண்டையும் சேர்த்துக் கழிக்க முடியாது. சென்சிட்டிவிட்டியை, அதாவது கருவியின் உணர்திறனை, குறைத்துச் சமாளிக்கலாம், ஆனால் ஆழம் போய்விடும். ஏடி புரோவும் சிம்ப்ளெக்ஸும் 3 மீற்றர் வரையாவது தண்ணீர் தாங்குபவை. தண்ணீர் உள்ளே போகாது என்பது வேறு, கடல்நீரில் ஒழுங்காகக் கேட்கும் என்பது வேறு. விளம்பரத்தில் இந்த இரண்டும் ஒன்றாகவே தெரியும், கவனம். ஏஸ் 250இல் கொயிலை மட்டும்தான் நனைக்கலாம்.

இந்த வகைக்கு எங்கள் ஊரில் ஒரு நல்ல இடம் இருக்கிறது, வாவிக்கரை. மாரியில் வெள்ளம் இறங்கும்போது வாவித் தண்ணீரில் உப்பு நன்றாகக் குறையும், முகத்துவாரத்தை விட்டுத் தெற்கே போகப் போக இன்னும் குறையும். அந்த நாட்களில் ஒற்றை அதிர்வெண் கருவி வாவியோரம் அமைதியாக வேலை செய்யும். கோடையில் அதே இடத்தில் கத்தத் தொடங்கினால் கருவி பழுதென்று நினைக்க வேண்டாம், தண்ணீர்தான் மாறியிருக்கிறது.

அடுத்தது பல அதிர்வெண் கருவிகள். மைன்லாப் எக்ஸ்கலிபர், 2018இல் வந்த மைன்லாப் எக்குவினொக்ஸ், 2022இல் வந்த நொக்டா லெஜெண்ட் எல்லாம் இந்த வகை. பல அதிர்வெண்களில் வரும் பதில்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, உப்பையும் மண்ணையும் சேர்த்துக் கழிக்கின்றன. ஈர மணலில் நின்று ஒருமுறை கேட்டாலே வித்தியாசம் புரியும். ஒற்றை அதிர்வெண் கருவி ஓயாமல் கத்திய இடத்தில் இது பேசாமல் இருக்கும், உலோகம் வந்தால் மட்டும் தெளிவாகச் சொல்லும்.

இவற்றுக்குள்ளும் தெரிவு செய்ய வேண்டியிருக்கிறது. எக்ஸ்கலிபர் 60 மீற்றர் வரை தாங்கும் சுழியோடிகளின் கருவி. திரை கிடையாது, காதை நம்பித்தான் தோண்ட வேண்டும், பாரமும் அதிகம். எக்குவினொக்ஸ் இலேசானது, என்ன உலோகமாக இருக்கலாம் என்பதைத் திரையில் ஓர் எண்ணாகக் காட்டும், 3 மீற்றருக்குள் இறக்கலாம். சுழியோடாதவருக்கு எக்ஸ்கலிபர் தேவையில்லை என்பது என் கருத்து. இங்கிலாந்துக்காரர் காணொளிகளில், கடல் வற்றும் நேரம் பார்த்து அரை மைல் ஈரக்கரையில் தேடுவார்கள். எங்கள் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் வித்தியாசம் ஒரு மீற்றரும் இல்லை. ஈர மணல் என்று கிடைப்பது ஒடுங்கிய ஒரு பட்டி. ஆகவே முழங்காலளவு, இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கியே தேட வேண்டும். பாசிக்குடாவில் அது சுலபம், வெகுதூரம் போனாலும் ஆழம் வராது. கல்லடியிலோ திருக்கோவிலிலோ அலை காலை வாரிவிடும், தனியாக இறங்கக் கூடாது.

மூன்றாவது பல்ஸ் இன்டக்ஷன். காரெட் சீ ஹண்டர் மார்க் 2 இந்த வகையில் பழைய, நம்பிக்கையான கருவி, இதுவும் 60 மீற்றர் தாங்கும். ஒரு துடிப்பை அனுப்பி, நிறுத்தி, உலோகத்தில் மிஞ்சிய மின்னோட்டம் அடங்குவதைக் கேட்கும். உப்புத் தண்ணீரின் பதில் மைக்ரோ செக்கன்களில் அடங்கிவிடும், மக்னடைட்டும் பெரிதாகக் குறுக்கிடாது. கறுப்பு மணலில் ஆழமாகப் பார்ப்பதில் இதை மற்ற இரண்டும் வெல்ல முடியாது. பல அதிர்வெண் கருவிகூட கனத்த கறுப்பு மணலில் திணறி ஆழத்தை இழக்கும். வாகரை, கதிரவெளிப் பக்கம் போல இல்மனைட் தடிப்பாகக் கிடக்கும் கரைகளில் அது நன்றாகத் தெரியும்.

அப்படியென்றால் பல்ஸ் கருவியே வாங்கலாமே? இங்கேதான் மூன்றாவது சோதனை வருகிறது. இந்தக் கருவி இரும்பையும் தங்கத்தையும் பிரித்துச் சொல்வது மிகக் குறைவு, சத்தம் வந்தால் தோண்டியே ஆக வேண்டும். 2004 டிசம்பர் 26இல் கடல் நாவலடியிலும் கல்லடியிலும், தெற்கே மருதமுனை, பாண்டிருப்பு, சாய்ந்தமருதுவரையும் வீடுகளை அடித்து நொறுக்கியது. ஆணி, பிணைச்சல், கூரைத்தகரம், சட்டித் துண்டு எல்லாம் மணலுக்குள் போயின. அதன்மேல் இன்றைய சோடா மூடியும் மீன்பேணியும். பல்ஸ் கருவியோடு அங்கே போனால் காலை முழுக்க துருப்பிடித்த ஆணி தோண்டுவதில் போய்விடும். பல அதிர்வெண் கருவி இரும்பைத் தாழ்ந்த தொனியில் சொல்லிவிடும்.

ஆகவே என் தீர்ப்பு: கல்லடியில் இருந்து கல்முனை வரைக்கும், பாசிக்குடாவுக்கும் பல அதிர்வெண். ஒரே கருவிதான் வாங்க முடியும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்குங்கள். வாகரைப் பக்கம் வீடு, பெரிய அலைக்குப் பிறகு மட்டும் இறங்குபவர், தோண்டச் சலிக்காதவர் என்றால் பல்ஸ். இப்போதுதான் தொடங்குகிறீர்கள், காசும் குறைவு என்றால் ஒற்றை அதிர்வெண்ணோடு உலர் மணலிலும் மாரிக்கால வாவியிலும் கை பழகலாம், அதுவும் நல்ல தொடக்கம்தான்.

இரும்புக்குச் சத்தமே வராதபடி அதை முழுதாக மறைத்துவிட்டுத் தேடும் பழக்கம் எந்தக் கருவியிலும் இங்கே சரிவராது. எங்கள் நாணயங்களைப் பாருங்கள். 2005இல் இருந்து வந்த 1, 2, 5 ரூபாய்கள் முலாம் பூசிய உருக்கு, பிற்காலத்தவை துருப்பிடிக்காத உருக்கு. அமெரிக்கக் கையேடு சொல்லும் நாணய எண்கள் இவற்றுக்குப் பொருந்தாது. தங்க மோதிரம் சிக்கலானது வேறு வழியில்: அதன் எண் அலுமினியத் தாளுக்கும் பேணியின் இழுவளையத்துக்கும் பக்கத்திலேயே வரும். அந்த எண்களை வெட்டிவிட்டால் மோதிரத்தையும் வெட்டியதாகிவிடும். மெல்லிய தங்கச் சங்கிலியை எந்தக் கருவியும் சுலபமாகத் தவறவிடும், ஒவ்வொரு கண்ணியும் தனித்தனிச் சின்ன உலோகமாகவே தெரிவதால். தாலிக்கொடி அப்படியில்லை, தாலியும் கொளுக்கியும் நல்ல சத்தம் தரும். திருக்கோவிலில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குப் பிறகு யாராவது கொடியைத் தொலைத்துவிட்டு அழுதால், நம்பிக்கையோடு தேடிப் பார்க்கலாம். கோயில் நிர்வாகத்திடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

மண் அள்ளும் கரண்டிக்கு வெளிநாட்டுப் பொருள் வேண்டாம். நீண்ட பிடியும் துளைகளும் வைத்த உருக்குக் கரண்டியை வெல்டிங் கடையில் சொல்லிச் செய்விக்கலாம். துளை ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் போனால் தோடு நழுவிவிடும். இடத்தைக் குறித்துக் காட்டும் பின்பொயின்ரரில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம், உப்பு ஈரத்தில் நிற்கக்கூடியதை எடுங்கள். காரெட் புரோ பொயின்ரர் ஏடி 6 மீற்றர் வரை தாங்கும்.

அன்ரெனாக் கம்பி ஆடித் திரும்பி நூறு மீற்றருக்கு அப்பால் இருக்கும் தங்கத்தைக் காட்டும் என்று விற்கப்படுபவற்றை ஒப்பீட்டில் சேர்க்கவே மாட்டேன். அந்தத் தூரத்தில் ஒரு மோதிரத்தை உணர இயற்பியலில் வழியில்லை. கம்பியை ஆட்டுவது பிடித்திருப்பவரின் கைதான். கோல்ஃப் பந்து தேடும் விளையாட்டுப் பொருளை மாற்றி, வெடிகுண்டு காட்டும் கருவியென்று ஈராக்குக்கு விற்ற ஜேம்ஸ் மெக்கோர்மிக்குக்கு 2013இல் லண்டன் நீதிமன்றம் 10 ஆண்டு சிறை விதித்தது. புதையல் ஆசை காட்டி இதே வகைக் கம்பிகளை விற்கிறார்கள். தயவுசெய்து காசைக் கொடுக்காதீர்கள்.

புதையல் என்றதும் சட்டத்தையும் சொல்ல வேண்டும். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, தொல்பொருள் தேடி அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றம். பொத்துவில் முகுது மகா விகாரைச் சூழல் போன்ற இடங்களுக்குக் கருவியோடு போகவே கூடாது. வெளிநாட்டில் இருந்து கருவி எடுப்பதற்கு முன் சுங்கத்திலும் பாதுகாப்பு அமைச்சிலும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். தேட இறங்குமுன் கிராம சேவகருக்கும் பொலிஸுக்கும் சொல்லிவிடுங்கள். இரவில் போகாதீர்கள்.

மட்டக்களப்பு மாவட்டம் 2017இல் கண்ணிவெடியற்றதாக அறிவிக்கப்பட்டது. ஆனாலும் வெடிக்காத குண்டு எங்காவது கிடக்கலாம். தோட்டாவின் பித்தளைக் கோது நாணயம் போலவே சத்தம் தரும். பழைய முகாம்களின் ஓரத்தை விட்டுவிடுங்கள். உருண்டையாக, குழாயாக எதையாவது கண்டால் கரண்டியை வைத்துவிட்டு விலகி 119க்கு எடுங்கள்.

நாவலடியில் ஒரு பழைய மோதிரம் கைக்கு வந்தால் அது 2004இல் போன ஒருவருடையதாக இருக்கலாம். விற்கவோ உருக்கவோ வேண்டாம். பொலிஸில் ஒப்படைத்துப் பதிவு வாங்குங்கள், கோயில், தேவாலயம், பள்ளிவாசல் எல்லா இடத்திலும் சொல்லி வையுங்கள். படத்தை மட்டும் யாருக்கும் காட்டாதீர்கள். கேட்டு வருபவரிடம் உள்வளையத்தில் என்ன பெயர், என்ன திகதி வெட்டியிருக்கிறது என்று அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள்.