ரோமில் ஒரு நாள்: கொலோசியத்தை வெளியே நின்று பார்த்த கதை

பெங்களூரில் ஒரு டூர் ஏஜென்சி மூலமாக, நாற்பது பேர் குழுவில், நானும் வீட்டம்மாவும் இத்தாலி போய்வந்தோம். கிருஷ்ணகிரியில் பார்க்கிறவர்கள் எல்லாம் எப்படி இருந்தது என்று கேட்பதால் ரோமில் கழிந்த அந்த ஒரு நாளை மட்டும் எழுதுகிறேன்.

வாடிகன் மியூசியத்துக்கு முன்பதிவு செய்திருந்தார்கள். மதிலை ஒட்டி நீண்டு கிடந்த வரிசையில் நிற்காமல் நேராக உள்ளே போனோம், அதற்கு முழு மார்க். ஆனால் கைடு எங்கோ முன்னால் போய்க்கொண்டே பேச, நாம் பின்னால் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டே இயர்போனில் கேட்க வேண்டும். மியூசியச் சுற்றின் கடைசியில் வரும் சிஸ்டைன் சேப்பல் என்ற சிற்றாலயத்தில் போட்டோ கிடையாது, பேச்சும் கிடையாது. மைக்கேலாஞ்சலோ 1508இல் தொடங்கி 1512இல் முடித்த கூரை ஓவியத்தைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தோம்.

புனித பேதுரு பேராலயத்தில்தான் நான் அசந்துபோனேன். பர்கூர் பக்கம் கல் பாலிஷ் பட்டறை வைத்திருப்பவன் நான், கல்லைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. மடியில் இயேசுவைக் கிடத்தியிருக்கும் மாதா சிலை, பியெத்தா, கராரா மார்பிளில் ஒரே கல்லில் செதுக்கியது. அந்தச் சேலை மடிப்பு (சேலை இல்லைதான், எனக்கு அப்படித்தான் தெரிந்தது) ஈரத்துணி மாதிரி விழுகிறது. 1972இல் ஒருவன் சுத்தியலால் அடித்ததிலிருந்து கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். தோளும் முழங்காலும் மூடாமல் போனால் கோவிலுக்குள் விடமாட்டார்கள், அதையும் நினைவில் வையுங்கள்.

மதியச் சாப்பாடு இந்திய ஓட்டலில். பனீர், பருப்பு, சாதம். சரி, வயிறு நிறைந்தது.

பழைய ரோமானியர் கட்டிய பெரிய கல் அரங்கமான கொலோசியம்தான் வயிற்றெரிச்சல். பயண நிரலில் 'கொலோசியம் பார்த்தல்' என்று போட்டிருந்தார்கள். இருபது நிமிடம் வெளியே நிறுத்திவிட்டு, "அண்ணா, உள்ளே போற டிக்கெட் நம்ம பேக்கேஜ்ல இல்லைண்ணா" என்கிறான் கூட வந்த மேனேஜர் தம்பி. சுவரெல்லாம் பொத்தல் பொத்தலாக இருக்கிறதே என்று கேட்டதற்கு அவனிடம் பதில் இல்லை. கைடு அம்மாதான் சொன்னார்: கற்களைப் பிணைத்திருந்த இரும்புப் பட்டைகளைப் பிற்காலத்தில் தோண்டி எடுத்துப் போய்விட்டார்களாம். ரோமுக்குப் பக்கத்து டிவோலியிலிருந்து கொண்டுவந்த டிராவர்டைன் என்ற சுண்ணாம்புக் கல், பட்டை போய் இத்தனை நூற்றாண்டு ஆகியும் நிற்கிறது.

ட்ரெவி நீரூற்றுக்குப் பெரிய பஸ் வராது, கல் பாவிய தெருவில் நல்ல தூரம் நடை. செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். தண்ணீர் பாட்டிலுக்குக் காசு கொடுக்காதீர்கள், தெருவில் இரும்புக் குழாய்களில் சில்லென்று ஓடிக்கொண்டே இருக்கிறது. குழாய் வாயை விரலால் அடைத்தால் மேலே இருக்கும் ஓட்டை வழியாகப் பீய்ச்சி அடிக்கும், குனியாமல் குடிக்கலாம்.

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். பணம் கட்டுவதற்கு முன், 'பார்த்தல்' என்று போட்ட ஒவ்வொரு இடத்துக்கும் உள்ளேயா வெளியேயா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ட்ரெவியில் காசு போட்டால் மறுபடி ரோமுக்கு வருவோம் என்று வீட்டம்மா தோளுக்குப் பின்னால் ஒரு யூரோ வீசியிருக்கிறாள். கொலோசியத்துக்கு உள்ளே டிக்கெட் இருந்தால்தான் வருவேன் என்று சொல்லிவிட்டேன்.