பிள்ளையைப் பார்த்துக்கொள்ள: வீட்டுக்கு வரும் ஆளா, காப்பகமா, தங்கும் ஆளா?

ஆள் தேடத் தொடங்குமுன் ஒரு தாளில் மணிக்கணக்கைப் போட்டுவிடுங்கள். வேலை 8 மணி நேரம், போக ஒரு மணி, வர ஒரு மணி. காலையில் பிள்ளையை ஒப்படைக்கக் கால் மணி, மாலையில் அன்றைய விவரம் கேட்டு வாங்கிக்கொள்ளக் கால் மணி. ஆக மொத்தம் பத்தரை மணி நேரம். வாரம் 5 நாள் என்றால் ஐம்பத்திரண்டரை மணி. எட்டு மணி நேரம் என்று பேசி வைத்துவிட்டுப் பத்தரை மணி நேரம் நிறுத்திவைத்தால், எவ்வளவு நல்ல ஆளும் சில மாதங்களில் நின்றுவிடுவார்.

அதே தாளில் இரண்டு கேள்விகளையும் எழுதுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த நாள் யார் பார்ப்பது? பார்த்துக்கொள்பவர் வராத நாள் யார் பார்ப்பது? ஒவ்வொரு ஏற்பாடும் இதற்கு வேறு வேறு பதில் சொல்லும். சம்பளத்தையும் கட்டணத்தையும் ஒப்பிடுவதற்கு முன்னால் ஒப்பிட வேண்டியது இதைத்தான்.

காப்பகத்தில் ஒருவர் விடுப்பு எடுத்தாலும் கதவு திறந்திருக்கும். ஆனால் காய்ச்சலோடு பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். மருந்து கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால்தான் திரும்ப அனுமதிப்பது பல இடங்களில் விதி. புதிதாகச் சேர்ந்த முதல் ஆண்டில் சளியும் இருமலும் அடுத்தடுத்து வரும் என்பதால், விடுப்பு கிடைக்காத வேலையில் இருப்பவர்களுக்கு இது பெரிய இடி. ஒரு வயதுக்குட்பட்ட 3 அல்லது 4 குழந்தைகளுக்கு ஒருவராவது இருக்க வேண்டும். “மொத்தம் எத்தனை பேர் வேலை பார்க்கிறீர்கள்?” என்று கேட்டால் உண்மை தெரியாது. “மதியம் நீங்கள் மாறி மாறிச் சாப்பிடப் போகும்போது இந்த அறையில் எத்தனை பேர் இருப்பீர்கள்?” என்று கேளுங்கள். முடிந்தால் அந்த நேரத்திலேயே போய்ப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்து போகும் ஆள் என்றால் நிலைமை தலைகீழ். லேசான காய்ச்சல் நாளை அவரே சமாளிப்பார், குழந்தை தன் தூக்க நேரத்துக்குத் தன் தொட்டிலிலேயே தூங்கும். ஆனால் அவருக்கு உடம்பு முடியாத நாளில் மொத்த ஏற்பாடும் நின்றுவிடும். அவர் பார்த்துக்கொள்வதைக் கவனிக்க இரண்டாவது கண் ஒன்று இல்லை என்பதும் குறைதான். காப்பகத்தில் தலைக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். வீட்டு ஆளுக்கு இரண்டு பிள்ளைகள் என்றால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்போமே தவிர இரட்டிப்பாக அல்ல. எனவே ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை, இரண்டு பிள்ளைகள், மாறி மாறி வரும் ஷிப்ட் என்றால் வீட்டு ஆள்தான் பொருத்தம். மூன்று வயதை நெருங்கும் ஒற்றைப் பிள்ளை, நேரம் தவறாத அலுவலகம் என்றால் காப்பகம் முந்தும். சக பிள்ளைகளோடு விளையாடுவதை வீட்டில் ஒருவரால் தர முடியாது.

தங்கும் ஆளை, இரவிலும் உண்மையிலேயே உதவி தேவைப்பட்டால் மட்டும் யோசியுங்கள். கூடவே இருக்கிறார் என்பதால் எப்போதும் வேலையில் இருக்கிறார் என்று ஆகிவிடாது. வீட்டுப் பணியாளர்களுக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை (2011) வாரத்துக்குத் தொடர்ச்சியாக 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்கிறது. உள்ளிருந்து பூட்டிக்கொள்ளத் தனி அறையும் கொடுங்கள். இரவு முழுக்கக் குழந்தையோடு விழித்திருந்தவரை மறுநாள் காலையிலும் நிறுத்திவைப்பது ஆபத்து: குழந்தையை மடியில் வைத்தபடி சோபாவில் கண்ணயர்ந்தால் மூச்சுத் திணறலில் போய் முடியலாம்.

தாத்தா பாட்டியிடம் விடுவதில் நம்பிக்கைக்குக் குறைவில்லை. ஆனால் தவழும் பிள்ளையின் பின்னால் நாள் முழுக்க ஓட அவர்களுக்கு முடியுமா என்பதை அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். அரை நாள் அவர்கள், அரை நாள் ஆள் என்பது பல வீடுகளில் நன்றாக ஓடும். இரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஒருவரை வைப்பதாக இருந்தால், யார் வீட்டில், ஒரு பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் என்ன, ஒரு குடும்பம் விலகினால் எத்தனை மாத அவகாசம் என்று முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டு ஆள்தான் என்று முடிவானால், வேலைக்குத் திரும்பும் நாளுக்கு 2, 3 வாரம் முன்பே அவர் வரத் தொடங்கியிருக்க வேண்டும். நேர்காணலில் அனுபவம் எத்தனை வருடம் என்பதைவிட இந்தக் கேள்வி அதிகம் சொல்லும்: “பால் கொடுத்தாயிற்று, டயப்பர் மாற்றியாயிற்று, குழந்தை முக்கால் மணி நேரமாக அழுகிறது. என்ன செய்வீர்கள்?” உடம்பு சுடுகிறதா என்று பார்ப்பேன், தூக்கி நடப்பேன், என் பொறுமை போவது போல் இருந்தால் தொட்டிலில் பத்திரமாகப் படுக்கவைத்து ஐந்து நிமிடம் தள்ளி நின்று உங்களுக்குப் போன் செய்வேன் என்பவர் விவரம் தெரிந்தவர். “என் கையில் எந்தக் குழந்தையும் அழாது” என்பவரிடம் எச்சரிக்கை தேவை. பொறுமை இழந்து குழந்தையைக் குலுக்கினால் மூளையில் ரத்தம் கசியும். தனக்கும் பொறுமை போகும் என்று ஒப்புக்கொள்பவரே அதைத் தடுக்கக்கூடியவர்.

அவர் முன்பு வேலை பார்த்த வீட்டுக்குப் பேசும்போது, எப்போது வேலை பார்த்தார் என்ற மாதம், ஆண்டை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். அவர்கள் வாயாலேயே வரட்டும். “மறுபடி தேவைப்பட்டால் இவரையே கூப்பிடுவீர்களா?” என்று கேட்டுவிட்டு, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று கவனியுங்கள்.

ஒத்திகை 3 நாள், சம்பளத்தோடு. முதல் நாள் நீங்கள் செய்ய அவர் பார்க்கட்டும், இரண்டாம் நாள் அவர் செய்ய நீங்கள் பாருங்கள், மூன்றாம் நாள் இரண்டு மணி நேரம் வெளியே போய்வாருங்கள். 8 மாதத்திலிருந்து ஒன்றரை வயதுவரை பிரியும்போது அழுவது இயல்பு, அதை வைத்து ஆளை எடைபோட வேண்டாம். கேமரா வைப்பதாக இருந்தால் சொல்லிவிட்டு வையுங்கள்.

வேலைப் பட்டியலைத் தாளில் எழுதுங்கள். குழந்தையின் துணி, பாட்டில், சாப்பாடு அவருடையது. வீட்டுக்கே சமைப்பது, தரை துடைப்பது அல்ல. இது சம்பளப் பிரச்சினை மட்டுமல்ல. அவர் தரை துடைக்கும்போது தவழும் பிள்ளைக்குப் பக்கத்தில் தண்ணீர் வாளி இருக்கிறது, கண் வேறெங்கோ இருக்கிறது. பிள்ளை மூழ்கச் சில அங்குலத் தண்ணீர் போதும்.

பிரிட்ஜ் கதவில் ஒரு தாள்: கறந்த தாய்ப்பால் அறையில் 4 மணி நேரம், பிரிட்ஜில் 4 நாள். கரைத்த பவுடர் பால் குடிக்கத் தொடங்கியதிலிருந்து 1 மணி நேரம். மல்லாக்கப் படுக்கவைப்பது, தலையணை கூடாது. திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குவது. 3 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் தொட்டாலே மருத்துவமனை.

ஆள் வராத நாளுக்காக யாரை நினைத்திருக்கிறீர்களோ, அவரை மாதம் ஒருமுறை இரண்டு மணி நேரம் வரச் சொல்லிப் பிள்ளையோடு விடுங்கள். இல்லாவிட்டால் அந்த நாள் வரும்போது அவர் முகம் பிள்ளைக்குப் புதிதாக இருக்கும்.