அரசியல் விளம்பரம்: அனுமதியா, தடையா? வேலூர் தொகுதியை வைத்து ஓர் ஒப்பீடு

சமூக ஊடகத்தில் கட்சி விளம்பரத்தை அனுமதித்தால் செலவு கணக்கில் வரும். தடை செய்தால் அதே காசு கண்ணில் படாத வழியில் போகும். அதனால் நிபந்தனையோடு அனுமதிப்பதே நல்லது.

அனுமதி என்றால் கட்டுப்பாடும் உண்டு. வேட்பாளர், வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரமான படிவம் 26-ல் தன் சமூக ஊடகக் கணக்குகளைக் குறிப்பிட வேண்டும். விளம்பர வீடியோவையும் அதன் எழுத்து வடிவத்தையும், வெளியிடுவதற்கு 3 நாள் முன்பே தேர்தல் ஆணையத்தின் ஊடகச் சான்றளிப்புக் குழுவிடம் கொடுத்துச் சான்று வாங்க வேண்டும். விளம்பரச் செலவு, மக்களவை வேட்பாளருக்கான 95 லட்சம் ரூபாய் செலவு வரம்பில் சேரும். பணம் கொடுத்தவர் பெயரோடு அந்த விளம்பரம் ஃபேஸ்புக் விளம்பர நூலகத்தில் 7 ஆண்டு கிடக்கும். எதிர்க்கட்சிக்காரரும் எடுத்துப் பார்க்கலாம்.

விளம்பரத்தை எந்த ஊர்களில் காட்டுவது என்று தளத்தில் தேர்வு செய்யும்போது நடக்கும் தவறு ஒன்று. வரைபடத்தில் வேலூரை நடுவில் வைத்து வட்டம் போட்டால் காட்பாடியும் உள்ளே வந்துவிடும். அது அரக்கோணம் தொகுதி. வேலூர் தொகுதியில் இருக்கும் ஆம்பூர், வாணியம்பாடியோ வெளியே நின்றுவிடும். ஊர்களைத் தனித்தனியாகச் சேர்ப்பதே சரி.

தடையில் ஒரு நியாயம் இருக்கிறது: காசில்லாத சுயேச்சை அமுங்கிப்போக மாட்டார். ட்விட்டர் (இப்போது எக்ஸ்) 2019 நவம்பரில் தடை போட்டு, 2023-ல் தளர்த்தியது. ஆனால் தடை வந்தால் வாட்ஸ்அப் குழுக்களும் ஊர்ச் செய்திப் பக்கங்களும் கையில் காசு வாங்கிக்கொண்டு அதே வீடியோவைப் போடும். ரசீது இருக்காது, யார் கொடுத்தது என்றும் தெரியாது. பணம் பிடிபட்டு 2019-ல் தேர்தலே ரத்தாகி, ஆகஸ்ட் 5-ல் வாக்களித்த தொகுதி இது. இங்கே ரசீது இல்லாத செலவுக்கு இன்னொரு வழி திறந்துவிடக் கூடாது.