ஓஎஸ் போடும் முன்பே அப்டேட்டைக் கலக்க: டிஸ்ம் கருவி எப்படி இருக்கிறது?

புது சிஸ்டத்தில் விண்டோஸ் ஏற அரை மணி நேரம் போதும். அதன்பின் அப்டேட் இறங்கி, ரீஸ்டார்ட் ஆகி, மறுபடி இறங்கி ஓய்வதற்குள் பாதி நாள் போய்விடும். வீட்டில் ஒரே ஒரு கணினி என்றால் பொறுத்துக்கொள்ளலாம். திருமங்கலம், மேலூர் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் நாற்பது சிஸ்டம், எல்லாவற்றுக்கும் ஒரே இணைப்பு என்றால், அதே சில ஜிபியை நாற்பது தடவை இறக்குவது வீண் வேலை. அப்டேட்டை இன்ஸ்டாலருக்குள் ஒருமுறை கலந்துவிட்டு, அந்தப் பென் டிரைவை வைத்தே நாற்பதுக்கும் போட வேண்டும். அதற்கு விண்டோஸுடனேயே வரும், கட்டளை டைப் செய்து ஓட்டும் கருவிதான் டிஸ்ம்.

காசு கிடையாது, லைசென்ஸ் தொல்லை கிடையாது. ஆனால் கருவியின் பதிப்பைப் பார்த்துத்தான் இறங்க வேண்டும். பழைய விண்டோஸில் இருக்கும் டிஸ்ம், புதிய விண்டோஸ் இமேஜை (நிறுவ வேண்டிய விண்டோஸ் முழுவதும் அடங்கிய கோப்பு) சரியாகக் கையாளாது. கடையில் வேலைக்கு வைத்திருப்பது விண்டோஸ் 10 சிஸ்டம், கலக்கப்போவது 11 என்றால், மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ஏடிகே என்ற கருவித் தொகுப்பை இறக்கி அதிலிருக்கும் டிஸ்மைப் பயன்படுத்துங்கள்.

எக்ஸ்பி காலத்தில் இந்த வேலை சுலபம். டிஸ்க்கை ஒரு ஃபோல்டருக்கு நகலெடுத்து, 2008-இல் வந்த சர்வீஸ் பேக் 3 (பல அப்டேட்டை ஒன்றாகக் கட்டிய தொகுப்பு) கோப்பை ‘இன்டெக்ரேட்’ என்ற சுவிட்சோடு ஓட்டினால், ஐ386 ஃபோல்டருக்குள் எல்லாம் தானே போய் உட்கார்ந்துவிடும். விண்டோஸ் 7-இல்தான் பலர் மாட்டிக்கொண்டார்கள். அதன் சர்வீஸ் பேக் 1-ஐ (அப்டேட் எண் கேபி 976932) டிஸ்ம் வழியாக ஆஃப்லைன் இமேஜில், அதாவது இன்னும் நிறுவாத விண்டோஸில், சேர்க்க முடியாது. எஸ்பி1 ஏற்கெனவே சேர்ந்த டிஸ்க்கில் இருந்துதான் தொடங்க வேண்டும். அதன் மேல் முதலில் கேபி 3020369, பிறகு 2016-இல் வந்த மொத்தத் தொகுப்பு கேபி 3125574. இந்த வரிசை மாறினால் இரண்டாவது ஏறாது. 2020 ஜனவரி 14-உடன் 7-க்கு ஆதரவு முடிந்துவிட்டது. வாடிப்பட்டிப் பக்கம் ஏதோ ஒரு ஆலையில் எடைமேடைக்கென்றே ஓடும் பழைய கணினிக்கு இது உதவும். அதையும் இணையத்தோடு சேர்க்காமல் வைப்பதே நல்லது.

விண்டோஸ் 10-இலும் 11-இலும் சர்வீஸ் பேக் என்ற பெயரே இல்லை. முந்தையவற்றையும் சேர்த்து மாதா மாதம் வரும் குமுலேட்டிவ் அப்டேட்தான் அந்த இடத்தில் நிற்கிறது. இதைக் கலப்பதில் டிஸ்ம் கெட்டி. கவனம் எல்லாம் நம் பக்கம்தான் வேண்டும்.

முதலில் விண்டோஸ் டிஸ்க்கின் நகல் கோப்பான ஐஎஸ்ஓவை என்டிஎஃப்எஸ் ஃபார்மட் டிரைவில் ஒரு ஃபோல்டருக்கு நகலெடுங்கள். குறைந்தது 30 ஜிபி காலியாக இருக்கட்டும், எஸ்எஸ்டியாக இருந்தால் நேரம் மிச்சம். சோர்சஸ் ஃபோல்டரில் இருப்பது இன்ஸ்டால்.இஎஸ்டி (இறுக்கிச் சுருக்கிய இமேஜ்) என்றால் அதை அப்படியே மவுண்ட் செய்து, அதாவது ஒரு ஃபோல்டராகத் திறந்து, திருத்த முடியாது. ‘எக்ஸ்போர்ட் இமேஜ்’ கட்டளையால் தேவையான எடிஷனை (ஹோம், ப்ரோ போன்றவை) மட்டும் டிஸ்ம் திருத்தக்கூடிய விம் கோப்பாக மாற்றிக்கொள்ள வேண்டும். எந்த எண்ணில் ப்ரோ இருக்கிறது என்பதை ‘கெட் இமேஜ் இன்ஃபோ’ காட்டும். விம்மாகவே இருந்தாலும் ப்ரோவை மட்டும் தனியே எடுத்துக்கொள்வது நல்லது, இல்லையென்றால் ஒவ்வொரு எடிஷனுக்கும் தனித்தனியாக அப்டேட் ஏற்ற வேண்டியிருக்கும். மவுண்ட் செய்யும்போது அனுமதி இல்லை என்று 0எக்ஸ்சி1510111 பிழை வந்தால், ஐஎஸ்ஓவில் இருந்து வந்த ‘ரீட் ஒன்லி’ அடையாளம் கோப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ப்ராபர்ட்டீஸில் போய் அந்த டிக்கை எடுத்தால் போதும்.

அப்டேட் கோப்பை மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் தளத்தில் எடுக்க வேண்டும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்புக்கு அங்கே இரண்டு கோப்பு காட்டும்: அந்த மாத அப்டேட், கூடவே அதற்கு அடிப்படையாக நிற்கும் 2024 செப்டம்பரின் செக்பாயிண்ட் அப்டேட் கேபி 5043080. இரண்டையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, ‘ஆட் பேக்கேஜ்’ கட்டளையில் புதியதை மட்டும் சுட்டினால், பழையதை டிஸ்ம் தானே தேடி எடுத்துக்கொள்ளும். அந்த ஃபோல்டரில் வேறு எதையும் போடாதீர்கள்.

இன்ஸ்டால்.விம்மில் அப்டேட் ஏறியதும், தேவையற்றுப்போன பழைய கோப்புகளைக் களைய ‘ஸ்டார்ட் காம்பொனென்ட் கிளீனப்’, அதனுடன் ‘ரீசெட் பேஸ்’ கொடுக்க வேண்டும். இது முடிய நிறைய நேரம் பிடிக்கும். திரை நின்றுவிட்டது போலத் தெரிந்தாலும் மூடக்கூடாது. பழைய பில்லிங் மென்பொருளுக்கு டாட்நெட் 3.5 கேட்கும் கடைகள் மதுரையில் ஏராளம். அதைச் சேர்ப்பதாக இருந்தால் கிளீனப் முடிந்த பிறகே சேருங்கள். அதற்கான டாட்நெட் அப்டேட் கடைசியாக. முன்பே சேர்த்தால் இமேஜில் பாக்கி வேலை நிற்கும், கிளீனப் 0எக்ஸ்800எஃப்0806 பிழையோடு திரும்பிவிடும். எல்லாம் முடிந்து கமிட் செய்து (மாற்றங்களைச் சேமித்து) அன்மவுண்ட் செய்ததும் இன்னொரு முறை எக்ஸ்போர்ட் செய்தால்தான் கோப்பின் பருமன் குறையும்.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். பென் டிரைவில் இருந்து நிறுவலைத் தொடங்கிவைக்கும் பூட்.விம்முக்குள் இரண்டு இமேஜ் உண்டு, இரண்டாவதுதான் செட்டப். அதிலும் அப்டேட் ஏற்றினால், அதற்குள் இருக்கும் செட்டப்.எக்ஸி, செட்டப்ஹோஸ்ட்.எக்ஸி இரண்டையும் பென் டிரைவின் சோர்சஸ் ஃபோல்டருக்கு நகலெடுத்துவிட வேண்டும். பதிப்பு பொருந்தாவிட்டால் நிறுவல் பாதியில் நின்றுவிடும். 11-ஆம் தலைமுறை இன்டெல் லேப்டாப்பில் ஓஎஸ் போடும்போது எஸ்எஸ்டியே காட்டாத புகார் அடிக்கடி வருகிறதே, அதற்கும் தீர்வு இங்கேதான்: எஸ்எஸ்டியைக் காட்டத் தேவையான இன்டெல் விஎம்டி டிரைவரின் ஐஎன்எஃப் கோப்புகளைப் பிரித்தெடுத்து, ‘ஆட் டிரைவர்’ கட்டளையால் பூட்.விம்மின் இரண்டாவது இமேஜிலும் இன்ஸ்டால்.விம்மிலும் சேர்த்துவிடுங்கள். எக்ஸி வடிவில் இருக்கும் டிரைவரை டிஸ்ம் ஏற்காது.

டிஸ்மின் குறை, தவறு நடந்தால் காரணத்தைத் தெளிவாகச் சொல்லாது. பிழை எண்ணை மட்டும் காட்டும். மிச்சத்தை விண்டோஸ் ஃபோல்டரின் லாக்ஸ் பகுதியில் இருக்கும் டிஸ்ம்.லாக்கில் தோண்ட வேண்டும். மவுண்ட் ஃபோல்டரை எக்ஸ்ப்ளோரரில் திறந்து வைத்திருந்தாலே அன்மவுண்ட் சிக்கும். ஆன்டிவைரஸ் அதே ஃபோல்டரைத் துழாவினால் வேலை இழுக்கும், ஆகவே விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். மாதப் பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளில் யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் இதைத் தொடங்கவே வேண்டாம். கமிட் நடக்கும்போது கரண்ட் போனால் ‘கிளீனப் மவுண்ட்பாயிண்ட்ஸ்’ கொடுத்து, எடுத்து வைத்த நகலில் இருந்து முதலிலிருந்து செய்ய வேண்டியதுதான்.

கட்டளை டைப் செய்யப் பிடிக்காதவர்களுக்கு என்டிலைட் இருக்கிறது. எக்ஸ்பி காலத்து என்லைட்டை உருவாக்கியவரின் கருவிதான். அப்டேட் வரிசையை அதுவே பார்த்துக்கொள்ளும், திரையில் எல்லாம் பளிச்சென்று தெரியும். ஆனால் இலவசப் பதிப்பு வீட்டு உபயோகத்துக்கு மட்டும். காசு வாங்கி ஓஎஸ் போடும் கடை லைசென்ஸ் எடுத்தாக வேண்டும். விண்டோஸின் பாகங்களைக் கழற்றும் வசதியும் அதில் உண்டு. வாடிக்கையாளர் சிஸ்டத்துக்கு அதைத் தொடாதீர்கள், பிறகு வரும் அப்டேட்கள் தகராறு செய்யும். மாதத்துக்கு ஒருமுறை பென் டிரைவைப் புதுப்பிக்கும் கடைக்கு டிஸ்ம் கட்டளைகளை ஒரு பேட்ச் கோப்பில் எழுதி வைப்பதே லாபம்.

பென் டிரைவில் ஏற்றும்போது கடைசியாக ஒரு தடை வரும். புதிய கணினிகளின் யுஇஎஃப்ஐ பூட்டுக்கு எஃப்ஏடி32 ஃபார்மட் வேண்டும், அதிலோ 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு நிற்காது. ‘ஸ்பிளிட் இமேஜ்’ கட்டளையில் 3800 என்று அளவு கொடுத்தால் எஸ்டபிள்யூஎம் துண்டுகளாகப் பிரித்துத் தரும், செட்டப் அவற்றை அப்படியே படித்துக்கொள்ளும், பழைய இன்ஸ்டால்.விம்மை மட்டும் சேர்த்துப் போடாதீர்கள். நாற்பது சிஸ்டத்துக்குக் கொண்டுபோகும் முன் ஒரு விர்ச்சுவல் மெஷினில் நெட்டைத் துண்டித்துவிட்டு நிறுவிப் பாருங்கள். வின்வர் கட்டளை காட்டும் விண்டோஸ் பில்ட் எண், கேட்டலாக்கில் அந்த மாத அப்டேட்டுக்குப் போட்டிருக்கும் எண்ணோடு ஒத்துப்போனால் பென் டிரைவைக் கையில் எடுக்கலாம்.