உறைகுப்பியில் வரும் மூச்சுக்குழாய்க் கலங்கள்: ஒரு மதிப்புரை

மனித மூச்சுக்குழாய்ச் சுவரிலிருந்து பிரித்தெடுத்து உறைநிலையில் விற்கப்படும் பைப்ரோபிளாஸ்ட் (இணைப்பிழைய நார்களைச் சுரக்கும்) கலங்களை, யாழ்ப்பாணத்திலுள்ள எமது சிறிய ஆய்வுகூடத்துக்காகக் கொழும்பு முகவர் ஒருவர் ஊடாக வருவித்தோம். குப்பியொன்றில் ஐந்து இலட்சம் கலங்கள் இருந்தன. ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தரைவழியே வந்த பெட்டியில் உலர்பனி பாதிக்கு மேல் ஆவியாகியிருந்தபோதும், உருக்கிய கலங்களிற் பெரும்பாலானவை தட்டில் ஒட்டி நூற்புக் கதிர்போல் நீண்டு பரவின. இணைப்பிழையக் கலங்களுக்குரிய விமென்ரின் புரதம் இருந்தது, மூச்சுக்குழாயின் உட்புறத்தை மூடும் மேலணிக் கலங்களுக்குரிய கெரற்றின் இல்லை. ஆகவே மேலணிக் கலங்கள் கலக்கவில்லை எனலாம். திரவ நைதரசன் கொள்கலம் இல்லாதோர் பெட்டி வந்த அன்றே கலங்களை வளர்ப்பில் இடுவது நல்லது.

தொய்வு (ஆஸ்துமா) என்றதும் தசைச் சுருக்கத்தையும் அழற்சியையும் மட்டுமே பேசுகிறோம். ஆனால் நெடுநாள் நோயாளரின் மூச்சுக்குழாய்ச் சுவர் தடிப்பதில், மேலணிக்குக் கீழே கொலாஜனையும் பைப்ரோனெக்ரினையும் படியவைக்கும் இக்கலங்களுக்குப் பெரும் பங்குண்டு. இழைய வடுவைத் தூண்டும் சமிக்ஞைப் புரதமான ரி.ஜி.எவ். பீற்றா 1 சேர்த்தபோது, சுருங்கும் இயல்புடைய மயோபைப்ரோபிளாஸ்ட்டின் அடையாளமான அல்பா மழமழப்புத்தசை அக்ரின் புரதம் எதிர்பார்த்தவாறே உயர்ந்தது. இவ்வகையில் குப்பி கொடுத்த காசுக்குத் தகும்.

எமது குறை வேறு. எதுவும் சேர்க்காத தட்டிலும் அதே புரதம் ஓரளவு தென்பட்டது. சில கிலோபஸ்கல் விறைப்பே கொண்ட நுரையீரல் இழையத்திலிருந்து வந்த கலத்தை, அதனிலும் பல இலட்சம் மடங்கு விறைப்பான பிளாஸ்ரிக்கில் சீரம் (குருதித் தெளிவு) ஊற்றி வளர்த்தால் அது தானாகவே தூண்டப்படும் என்பது துறையினர் அறிந்ததே. இருந்தும் கையேட்டில் அதுபற்றி ஒரு வரியும் இல்லை. மென்மையான ஜெல் மேற்பரப்பும் குறைந்த சீரமும் இன்றி, ‘நலமான கொடையாளி’ என்ற சொல்லை ஒப்பீட்டுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாகாது.

இதனிலும் பெரிய குறை கொடையாளி விபரத் தாளில் இருக்கிறது. வயது, பால், புகைப்பழக்கம் எல்லாம் உண்டு. அடுப்புப் புகைக்கு நிரலே இல்லை. வாழ்நாள் முழுதும் விறகும் பனைமட்டையும் எரித்துச் சமைத்த, சிகரெட்டைத் தொட்டறியாத பெண்ணொருவர் இத்தாளில் ‘புகையாதவர்’ என்றே பதிவாவார். விறகுப் புகையும் நாட்பட்ட சுவாச அடைப்பு நோய்க்குக் காரணமாகும் என்பதால், அடுப்புப் புகையின் விளைவையும் அறிய விரும்பும் எமக்கு இத்தாள் போதாது.

உடலிலிருந்து நேரே எடுத்த இத்தகைய முதல்நிலைக் கலங்கள் குறித்த தடவைகளே பிரிவடையும். ஆதலால் ஒரே தொகுதியில் இரு குப்பிகளை வாங்கி, ஆரம்பத் தலைமுறைகளிலேயே பரிசோதனையை முடிப்பது உசிதம். தொகுதி மாறினால் கொடையாளியும் மாறிவிடக்கூடும்.