குன்னூர் வரை மலை ரயில்: 15, 10, 4 வயதுப் பிள்ளைகளோடு

எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகள். பெரியவளுக்கு 15 வயது, நடுவனுக்கு 10, சின்னவளுக்கு 4. சென்ற கோடையில் ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குப் போனோம். ஒவ்வொரு விளையாட்டின் வாசலிலும் உயரம் பார்க்க ஒரு கோல் நட்டிருந்தார்கள். சின்னவள் எந்தக் கோலையும் எட்டவில்லை. நானும் அவளும் பகல் முழுக்க ஒரு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பெரியவள் இரண்டு முறை சுற்றிவிட்டுத் தலை வலிக்கிறது என்று எங்கள் பக்கத்தில் வந்து கைபேசியை எடுத்துக்கொண்டாள். நடுவன் ஒருவன்தான் ஆசை தீர விளையாடினான்.

அதனால் இந்த ஆண்டு எல்லோரும் சேர்ந்து உட்காரும்படியான ஒன்று வேண்டும் என்று நினைத்தேன். நான் திருச்சியில் தையல் கடை வைத்திருக்கிறேன். மே பாதியில் பள்ளிச் சீருடைகள் வரத் தொடங்கிவிட்டால் ஜூன் வரை தலை நிமிர முடியாது. கிடைப்பது ஏப்ரல் கடைசி வாரம் மட்டுமே. நீலகிரி மலை ரயிலில் போகலாம் என்று முடிவு செய்தோம். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த ரயிலின் நீராவி எஞ்சின்கள் பழுது பார்க்கப் பொன்மலைக்குத்தான் வரும். சிறுமியாக இருந்தபோது அப்பா சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து அந்த எஞ்சினின் பற்சக்கரத்தைப் பற்றி விரல்களைக் கோத்துக் காட்டிச் சொல்வார். நான் அதில் ஏறியதே இல்லை.

டிக்கெட் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே திறந்துவிடும். கோடையில் திறந்த சிறிது நேரத்திலேயே தீர்ந்துவிடுகிறது. என் கணவர் பிப்ரவரிக் கடைசியில் காலை எட்டு மணிக்குக் கணினி முன் உட்கார்ந்து நான்கு இருக்கைகளைப் பிடித்தார். ஐந்து வயது ஆகாத பிள்ளைக்குத் தனி இருக்கை கேட்காவிட்டால் டிக்கெட் தேவையில்லை. சின்னவள் மடியில் வந்தாள். நாங்கள் எடுத்தது இரண்டாம் வகுப்பு. இருக்கைகள் நெருக்கமானவை, முழங்கால்கள் எதிரே இருப்பவரின் முழங்காலைத் தொடும். பெட்டிகளில் கழிப்பறை கிடையாது. நான்கு வயதுப் பிள்ளையோடு போகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொண்டு ரயில் ஏறும் முன்பே அழைத்துப் போய்விட வேண்டும்.

ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10-க்குக் கிளம்புகிறது. முந்தின நாள் மாலையே கோவை வழியாக அங்கே போய் ஒரு விடுதியில் தங்கினோம். அதன் பெயரை எழுதப் போவதில்லை. வெந்நீர் எந்நேரமும் உண்டு என்று தொலைபேசியில் சொன்னவர்கள், விடியற்காலை ஐந்து மணிக்குக் கேட்டபோது ஏழு மணிக்குத்தான் வரும் என்றார்கள். மூன்று பிள்ளைகளையும் பச்சைத் தண்ணீரில் முகம் கழுவ வைத்துக் கிளம்பினோம். அந்த ஊரில் தங்குகிறவர்கள் காலை ரயிலுக்குப் போவதாகச் சொல்லி, வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டே அறை எடுங்கள்.

நிலையத்தில் சென்னையிலிருந்து வந்த நீலகிரி எக்ஸ்பிரஸ் அகலப் பாதையிலும் எங்கள் ரயில் மீட்டர் பாதையிலும் நின்றன. என் கைப்பையில் அளவு நாடா எப்போதும் இருக்கும். நடுவன் அதை வாங்கிக் காற்றிலேயே பிடித்து அளந்தான். நம் ஊர்த் தண்டவாளங்களுக்கு இடையே ஐந்தரை அடி. இங்கே ஒரு மீட்டர், அதாவது மூன்றேகால் அடிக்குச் சற்றே கூடுதல். “அம்மா, எஞ்சினைப் பின்னால் மாட்டிவிட்டார்கள்!” என்று கத்தினான். ஏற்றத்தில் எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே போகிறது. பெட்டிகளின் முகப்பில் பிரேக் பிடிக்கும் ஊழியர்கள் கொடியோடு நின்றுகொள்கிறார்கள். ஒரு பெட்டியின் கொடி அடுத்த பெட்டிக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு என்று செய்தி கடைசியில் எஞ்சின் ஓட்டுநரிடம் போய்ச் சேர்கிறது. பெரியவள் கைபேசியைக் கீழே வைத்தது இங்கேதான்.

பாக்குத் தோப்புகளைக் கடந்தால் கல்லாறு. அங்கேதான் அப்பா விரல்களைக் கோத்துக் காட்டியது நடக்கிறது. தண்டவாளங்களுக்கு நடுவே பல் வெட்டிய இரும்புச் சட்டங்கள் இரண்டு தொடங்குகின்றன. எஞ்சினின் அடியில் இருக்கும் பற்சக்கரங்கள் அவற்றில் பொருந்துகின்றன. பொருந்தும்போது வேகம் குறைந்து, ஒரு சின்னக் குலுக்கல், பிறகு சத்தமே வேறாகிறது. தையல் மெஷினில் ஊசிக்குக் கீழே துணியைப் பிடித்துப் பிடித்து நகர்த்தும் பல் இருக்கிறதே, அதே வேலைதான். இங்கே எஞ்சினின் ஒரு பல் விடும்போது இன்னொரு பல் பிடித்திருக்கும். ரயில் பின்னால் வழுகாது. நடுவனுக்கு அப்படித்தான் சொன்னேன். கடையில் என் காலடியில் வளர்ந்தவன், உடனே புரிந்துகொண்டான். ஏற்றம் 12-க்கு 1. அளவு நாடாவை ஜன்னல் கட்டையில் விரித்து, 12 அங்குலம் போனால் ஓர் அங்குலம் மேலே ஏற வேண்டும் என்று காட்டினேன். “இவ்வளவுதானா?” என்றான். ஒரு முழு ரயிலை அந்த ஓர் அங்குலம் தூக்குவதற்கு எஞ்சின் விடுகிற மூச்சைக் கேள் என்றேன். பிறகு வெகுநேரம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

இந்தப் பாதை 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் உதகமண்டலம் வரையும் போடப்பட்டது. 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நெடுங்காலம் சுவிட்சர்லாந்தில் செய்த எஞ்சின்கள் ஓடின. பிற்காலத்தில் பொன்மலையிலேயே புதிதாகக் கட்டிய எஞ்சின்களும் ஓடுகின்றன. மொத்தம் 46 கிலோமீட்டர். அதில் பல்சட்டம் போட்ட பகுதி கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை. சைக்கிளில் போகிற வேகம்தான். அந்த மெதுவான ஓட்டம்தான் எங்களுக்குப் பிடித்துப்போனது. ஓர் ஓடையைச் சின்னவளுக்குக் காட்ட வேண்டுமென்றால், “எங்கே, எங்கே?” என்று அவள் தேடி முடிக்கும் வரை அது கண்ணெதிரே நிற்கிறது.

முதல் குகையில் சின்னவள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பெட்டியில் இருந்த எல்லோரும் ஓவென்று கூவினார்கள். இரண்டாவதில் ஒரு கண்ணைத் திறந்தாள். மூன்றாவதில் அவள்தான் முதலில் கூவினாள். அதன்பின் குகை வராத இடத்தில் “குகை எங்கே?” என்று அழுகை. பாதையில் மொத்தம் 16 குகைகள் என்று தாத்தா சொல்லி அனுப்பியிருந்ததால் நடுவன் ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தான்.

ஹில்குரோவில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க நிறுத்துகிறார்கள். எல்லோரும் இறங்கலாம். கழிப்பறைக்கு ஓட வேண்டிய இடமும் இதுதான். முதலில் அங்கே போய்விட்டு அப்புறம் தேநீர் குடியுங்கள். குரங்குகள் கூட்டமாக இருக்கின்றன. கையில் உணவைத் திறந்து வைத்திருந்தால் போய்விடும். எதிர் இருக்கைக்காரர் முறுக்குப் பொட்டலத்தை இப்படித்தான் பறிகொடுத்தார். நான் புளிசாதத்தையும் உருளைக்கிழங்கையும் மூடி திருகும் டப்பாவில் கொண்டுபோயிருந்தேன். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருக்கிறது. எவர்சில்வர் பாட்டில்களில் தண்ணீரை ஊரிலிருந்தே நிரப்பிக்கொள்வது நல்லது.

ஹில்குரோவைத் தாண்டியபின் சின்னவள் தூங்கிவிட்டாள். நடுவன் என் கணவரோடு எதிர் ஜன்னலுக்குப் போய்விட்டான். கைபேசியில் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. பெரியவளும் நானும் அருகருகே உட்கார்ந்திருந்தோம். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததிலிருந்து அவள் என்னிடம் ‘ஆமாம்’, ‘இல்லை’ என்பதற்கு மேல் பேசவில்லை. நானும் கடையில் ஆட்களோடு போராடிவிட்டு இரவில் அவளைக் கேட்கும் தெம்பில்லாமல் இருந்தேன். வெளியே பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே, “அம்மா, பதினொன்றாம் வகுப்பில் எனக்கு உயிரியல் வேண்டாம், வணிகவியல் படிக்கட்டுமா?” என்றாள். உறவில் எல்லோரும் அவளை டாக்டர் டாக்டர் என்று அழைத்துப் பழக்கிவிட்டிருக்கிறார்கள். எப்போதிலிருந்து இப்படி நினைக்கிறாய் என்று கேட்டேன். நம் கடைக் கணக்கு நோட்டை அவளிடம் கொடுத்த நாளிலிருந்து என்றாள். ரன்னிமேடு நிலையம் வந்து போனது. அவள் பேசிக்கொண்டே இருந்தாள். வீட்டில் இதைக் கேட்டிருந்தால் நான் பாதியிலேயே குறுக்கிட்டிருப்பேன். இங்கே எழுந்து போக இடமில்லை, அடுப்பில் எதுவும் இல்லை, கடை வாசலில் யாரும் கூப்பிடவில்லை. முழுவதையும் கேட்டேன். சரி என்று சொன்னேன்.

குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் மாட்டுகிறார்கள். நான் உறுதியாகச் சொல்கிறேன்: ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் குன்னூரோடு இறங்கிவிடுங்கள். அதற்குள் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். சின்னப் பிள்ளையின் பொறுமை அதற்குமேல் தாங்காது. புகையும் பல்சட்டமும் அங்கே முடிந்துவிடுகின்றன. நாங்கள் தங்க எடுத்த அறையும் குன்னூரில்தான். நானும் சின்னவளும் இறங்கிக்கொண்டோம். மற்ற மூவரும் உதகை வரை போய் மாலையில் அரசுப் பஸ்ஸில் திரும்பினார்கள். குடும்பம் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று வந்துவிட்டுப் பிரிவதா என்று என் கணவர் தயங்கினார். முதல் மூன்று மணி நேரம் சேர்ந்திருந்ததால்தான் அடுத்த அரை நாள் பிரிந்தது யாருக்கும் குறையாகப் படவில்லை.

நாங்கள் இருவரும் சிம்ஸ் பூங்காவுக்குப் போனோம். 1874-இல் தொடங்கிய பூங்கா. மலைச் சரிவில் அடுக்கடுக்காக இறங்குகிறது. இறங்குவது சுகம், திரும்பும்போது தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏற வேண்டும், அதை நினைத்துப் பாதியோடு நின்றுகொள்ளுங்கள். சின்னவளுக்கு ஊஞ்சலும் புல்தரையும் போதுமாக இருந்தன.

உதகை போனவர்கள் 1848-இல் தொடங்கிய அரசு தாவரவியல் பூங்காவில் கல்மரத்தைப் பார்த்தார்கள். சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய அடிமரம், கல்லாகவே ஆகிவிட்டது. மேயில் மலர்க் கண்காட்சி நடக்கும். பூ அப்போதுதான் அதிகம், கூட்டமும் அப்போதுதான் அதிகம். மூன்று பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஏப்ரல்தான் ஏற்றது என்பேன். வழியில் கேத்திப் பள்ளத்தாக்கு வந்தபோது பெரியவள் எடுத்த படங்கள் அழகாக வந்திருக்கின்றன. திரும்பும்போது வர்க்கி வாங்கி வந்தார்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற அதே ஊட்டி வர்க்கிதான். தேநீரில் தோய்த்தால் அடுக்கடுக்காகப் பிரிகிறது. சின்னவள் ஒவ்வோர் அடுக்காக உரித்துச் சாப்பிட்டதில் அரை மணி நேரம் ஓடியது.

சொந்த வாகனத்தில் போனால் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் என்ற இணைய அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். ரயிலிலும் அரசுப் பஸ்ஸிலும் போன எங்களுக்கு அந்த வேலை இல்லை. மூன்றாம் நாள் பஸ்ஸிலேயே மேட்டுப்பாளையம் இறங்கினோம். கொண்டை ஊசி வளைவுகளில் நடுவனுக்குக் குமட்டியது. எலுமிச்சம்பழம் கையில் இருந்ததால் சமாளித்தோம்.

நடுவனின் நோட்டில் 15 கோடுகள்தான் இருந்தன. வீட்டுக்கு வந்ததும் அதைத் தாத்தாவிடம் காட்டினான். அப்பா ஒவ்வொரு கோட்டையும் விரலால் தொட்டு எண்ணிவிட்டு, எஞ்சினின் மூச்சு கல்லாற்றில் எப்படி மாறியது என்று அவனைச் சொல்லச் சொன்னார். அவன் வாயாலேயே அந்தச் சத்தத்தை எழுப்பிக் காட்டினான். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, “இன்னும் கொஞ்சம் மெதுவாக” என்றார்.

அடுத்த ஏப்ரலிலும் போக இருக்கிறோம். சின்னவளுக்கு அப்போது ஐந்து முடிந்திருக்கும். அவளுக்கும் தாத்தாவுக்கும் சேர்த்து ஆறு இருக்கைகளாகப் பதிவு செய்ய வேண்டும்.